இதயம் பிழைத்தது, நினைவு?

1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். அச்சிகிச்சையால்தான் என் ஐயாவும் பிழைத்தார். ஆனால் வட்டிக்கணக்கை மனத்திலேயே போடும் அவர், வீடு திரும்பியதும் என்னைப் பார்த்து, “நீ யாருப்பா?” என்றார். சில வாரங்களில் தெளிந்தார். கணக்கு மட்டும் திரும்பவில்லை.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இதய அறுவைக்குப்பின் முதியோர் பலருக்குச் சில நாள் மனக்குழப்பம் வருகிறது. சிலருக்கு மறதி மாதக்கணக்கில் நீடிக்கிறது. உடலில் எழும் அழற்சி, மூளையின் இரத்த ஓட்டத்தில் மாறுதல், உறக்கமின்மை எனக் காரணங்கள் பல.

மண்டையைத் திறக்காமல், தலையில் மின்முனைகளைப் பொருத்தி, 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தி இதைத் தடுக்க முடியுமா என்று ஆய்வாளர்கள் சோதித்து வருகின்றனர். பெங்களூர் நிம்ஹான்ஸில் இம்முறை மனநோய்களுக்குப் பயன்படுகிறது. இதய நோயாளிகளுக்கோ அது இன்னும் உறுதியான மருத்துவமாகவில்லை. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் காரைக்குடியின் மாணவர்களான நாம், இத்துறையில் நாட்டம் கொள்ள வேண்டாமா?

கருவி வரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டாம். அறுவைக்கு முன்னும் பின்னும் முதியவரின் நினைவாற்றலைச் சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து. குறையை அளந்தால்தானே தீர்க்க முடியும்? மூக்குக்கண்ணாடியை மறவாமல் கொடுப்பது, இரவில் உறங்கவிடுவது, தெரிந்த முகம் அருகிலிருப்பது: இவை செலவில்லா மருந்துகள். பிள்ளைகள் கடல்கடந்து வாழும் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில், அந்தத் தெரிந்த முகமாக நாம் இருப்போம்!