நுண்ணலையும் லயத்துப் புகையும்

இறம்பொடை அருவியின் ஓசை கேட்கும் மலைச்சரிவுகளிலே இன்று தேயிலைச் செடிகளுக்கு மேலாகத் தலைதூக்கி நிற்பவை நிழல் மரங்கள் மட்டுமல்ல, கைத்தொலைபேசிக் கோபுரங்களுமாம். இலங்கையில் 1989 ஆம் ஆண்டிலே தொடங்கிய இத்தொலைபேசி, இன்று கொழுந்து பறிக்கும் தாயின் மடியிலும் இருக்கின்றது. கொழும்பில் வேலை செய்யும் மகனின் குரலை அவள் அதிலேதான் கேட்கிறாள். ஆயினும், "கோபுரம் வந்தது, நோயும் வந்தது" என்னும் அச்சம் மக்களிடையே எழுவதுண்டு. இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் கற்றோர்க்கு அழகன்று. ஆராயாது ஏற்றலும் அழகன்று.

நுண்ணலை நமக்குப் புதியதன்று. 1895 இல் கல்கத்தாவிலே ஜகதீச சந்திர போஸ் அவ்வலைகளை ஏவித் தூரத்திலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். எக்ஸ் கதிரைப் போல அணுக்களைச் சிதைக்கும் ஆற்றல் இதற்கில்லை. மிகுந்த வலிமையோடு தாக்கினால் உடலைச் சூடாக்கும். கண்ணின் வில்லையைக் கெடுக்கும். இது ஐயமின்றி அறியப்பட்டது. குறைந்த வலிமையில் நெடுங்காலம் படிந்தால் யாது நேரும் என்பதே வினா.

2011 இல் 14 நாடுகளைச் சேர்ந்த 31 விஞ்ஞானிகள் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்திற் கூடி, வானொலி அலைகளைப் 'புற்றுநோயை விளைவிக்கக்கூடும்' என்னும் 2பி வகுப்பில் வைத்தனர். 2018 இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே, நாடோறும் 9 மணி நேரம், 2 ஆண்டுகள் இவ்வலைகளுக்கு உட்பட்ட ஆண் எலிகள் சிலவற்றின் இதயத்திற் கட்டிகள் தோன்றின. மாறாக, 2024 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வேண்டுகோளின்படி 63 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், பத்தாண்டுக்கு மேல் தொலைபேசி பயன்படுத்தியோரிடத்தும் மூளைப் புற்றுநோய் மிகுந்திருக்கக் காணவில்லை.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. தூரம் இரட்டித்தால் அலையின் வலிமை நான்கிலொன்றாகும். எனவே எதிர்மலைக் கோபுரத்தினும் காதோடு ஒட்டிய கருவியே நம்மை மிகுதியாகத் தொடுகின்றது. பள்ளத்தாக்கிலே அலை மெலிந்த இடத்தில் அக்கருவி தன் வலிமையைக் கூட்டியே பேசும். கோபுரத்தை விலக்கினால் ஆபத்து விலகும் என்பது அவ்வளவு நேரான கணக்கன்று.

அதே நிலையத்தின் பட்டியலை மேலும் புரட்டினால், விறகை வீட்டினுள் எரிப்பதால் எழும் புகை, அலைகளினும் ஒரு படி உயர்ந்த 2ஏ வகுப்பில் இருக்கின்றது. வெற்றிலை பாக்கு, புகையிலை சேரினும் சேராவிடினும், ஐயத்திற்கிடமற்ற முதல் வகுப்பிலே இருக்கின்றது. புகைபோக்கியற்ற லயத்து அடுப்பங்கரையில் இருமும் பாட்டியையும், மலையிலே குளிருக்கு வெற்றிலை மெல்லும் தாயையும் நாம் மறந்து, கோபுரத்தை மட்டும் சுட்டிக்காட்டுவோமாயின், தெரிந்த பகையை வீட்டில் வைத்துத் தெரியாத பகையை வெளியிலே தேடியவராவோம்.

அதனாற் கோபுரத்தார்க்குப் பொறுப்பில்லை என்பது எம் கருத்தன்று. இந்திய அரசு 2012 இல் சர்வதேச வரம்பினைப் பத்திலொன்றாகக் குறைத்தது. லயத்தருகே கோபுரம் எழுமிடத்து அலையின் அளவை அளந்து, தமிழிலே எழுதி, யாவரும் காண ஒட்டுதல் வேண்டும். தம் வாசலில் எழுவது யாதென அறியும் உரிமை தொழிலாளிக்கும் உண்டு. இன்றைய சிறுவர், இதுவரை ஆராயப்பட்டோரினும் நீண்ட காலம் இக்கருவியோடு வாழப்போகின்றவர்; நெடும் பேச்சுக்குச் செவிக்கருவியைப் பயன்படுத்தலும், உறங்கும்போது தொலைபேசியைத் தலையணையிலிருந்து அகற்றலும் செலவில்லாத காப்புகளாம்.

பழைய மாணவராகிய நாம் ஊருக்குத் திரும்பும்போது ஒரு லயத்திற்கேனும் புகைபோக்கி அமைத்துக் கொடுப்போமாக. கோபுரத்தின் அளவை எழுத்திலே கேட்டுப் பெறுவோமாக. கற்ற கல்வி அச்சத்தை அளந்தறியவும், அளந்தபின் ஆவன செய்யவும் உதவுவதன்றோ!