படுத்தால் தீராத களைப்பு

"வாதம் வந்த உடம்பு, அலட்டிக்கக் கூடாது." பக்கவாதத்திலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர் நம் ஊரில் தினமும் கேட்கும் வாக்கு இது. தண்ணீர்ச் சொம்புக்குக் கை நீட்டினால் மருமகள் ஓடி வந்து எடுத்துக் கொடுக்கிறாள். கட்டிலிலிருந்து காலை இறக்கினால் மகன் அதட்டுகிறான். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பாசம் ஆளை முடக்குகிறது.

பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைப் பின்னாளில் ஒரு களைப்பு பிடித்துக்கொள்கிறது. இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும் அது தீராது. கை கால் நன்றாகத் தேறியவர்களையும் விடாது. குளித்து வேட்டி மாற்றுவதற்குள் ஆள் துவண்டுவிடுவார். இதைச் சோம்பேறித்தனம் என்பவர்கள் செய்வது கொடுமை. களைப்பு நிஜம், படுக்கைதான் அதற்கு மருந்து என்பது பொய்.

1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலிலேயே கிடத்தி ஆராய்ந்தார்கள். 30 ஆண்டு கழித்து, ஐம்பது வயதில் அதே ஐவரையும் சோதித்தபோது, ஒருவருடைய உடல்திறன்கூட அந்த மூன்று வார முடிவில் இருந்ததைவிடக் கீழே போயிருக்கவில்லை. முப்பது வருட வயது பறிக்காததை மூன்று வாரப் படுக்கை பறித்திருந்தது. இளங்காளைகளுக்கே இந்தக் கதி. ஒரு பக்கம் வலுவிழந்தவர் காலை இழுத்து நடக்கவே மற்றவர்களைவிட அதிக சக்தி செலவாகிறது. அவரையும் கிடத்தினால் தசை கரைகிறது, பத்தடியில் மூச்சு வாங்குகிறது. உடனே "அப்பவே சொன்னேனே" என்று மறுபடி படுக்க வைக்கிறார்கள்.

நெதர்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், களைப்பைச் சமாளிக்க மனப்பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு 12 வாரம் படிப்படியாகக் கூட்டிய நடையும் தசைப்பயிற்சியும் செய்தவர்களில் அதிகம் பேருக்குக் களைப்பு குறைந்தது. படிப்படியாக என்பதுதான் இதில் முக்கியம். முதல் 24 மணி நேரத்துக்குள் நோயாளியை அடிக்கடி எழுப்பி நடக்க வைப்பது கெடுதல் என்று 2015-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அது முதல் நாளின் கணக்கு. மாதக்கணக்கில் கிடத்த அதைச் சாக்காக்கக் கூடாது.

ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, குறட்டையோடு வரும் மூச்சுத்தடை, சில பிரஷர் மாத்திரைகள் இவையும் களைப்பைக் கூட்டும். முதலில் அவற்றைப் பார்த்துவிட வேண்டும். பிறகு ஹாலிலிருந்து வாசல்வரை ஐந்து நிமிட நடை போதும், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். வலுவில்லாத பக்கம் ஒருவர் கூட வரட்டும். உடம்பு தெம்பாக இருக்கும் நாளில் ஆசைப்பட்டு இரட்டிப்பாக நடந்தால் மறுநாள் எழ முடியாது. தெம்பான நாளிலும் அதே ஐந்து நிமிடம்தான். அது பழகிய பிறகு ஆறு.

மருத்துவர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைக்குக் காலை, மாலை, எத்தனை நாள் என்று வேளை தவறாமல் எழுதுகிறீர்கள். நடைக்கு மட்டும் ஏன் அளவு எழுதுவதில்லை? "ரெஸ்ட்" என்ற ஒற்றைச் சொல்லை அடித்துவிட்டு, எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள், எப்போது கூட்டுவது என்று எழுதிக் கொடுங்கள்.