இரட்டையர் ஆட்டத்தின் கூட்டுக் கணக்கு

வங்கியில் இருவர் பெயரில் கூட்டுக் கணக்கு வைத்திருப்போர் அதன் நியதியை நன்கு அறிவர். இருவருள் ஒருவர் விலகிக்கொண்டாலும் கணக்கில் சேர்ந்த தொகை மறைந்துபோவதில்லை. இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் இந்த நியதி செல்லாது. அங்கே தரவரிசைப் புள்ளிகள் இணையின் பெயரில் பதிவாகின்றன. இணை பிரிந்தால், அதுவரை சேர்த்த புள்ளிகளைப் புதிய இணையின் கணக்கில் வரவு வைக்க இயலாது. புதிய இணை தன் தரவரிசையைத் தானே அடியிலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். ஆட்டத்தின் விதி அவ்வாறு இருப்பதில் தவறில்லை. ஆனால் வீரரின் வாழ்க்கைக்கு நாம் அளிக்கும் ஆதரவும் அதே விதியின்படி அமைவது முறையன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தரவரிசை எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதை முதலில் காண்போம். கடந்த 52 வாரங்களில் ஓர் இணை சேர்ந்து ஆடிய போட்டிகளுள் மிகச் சிறந்த 10 முடிவுகள் கூட்டப்படுகின்றன. பெரிய போட்டிகளில் நுழையும் வாய்ப்பும், ஒலிம்பிக் தகுதியும் இக்கணக்கைச் சார்ந்தே அமைகின்றன. பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதி விதிப்படி ஒவ்வோர் இரட்டையர் பிரிவிலும் 16 இணைகளுக்கே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இத்தகைய நெருக்கடியில் இணை மாறுவது எளிய செயலன்று.

அஸ்வினி பொன்னப்பாவின் ஆட்ட வாழ்க்கை இதற்குச் சான்று. ஜுவாலா கட்டாவுடன் இணைந்து 2010-இல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கமும், 2011-இல் லண்டனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலமும் வென்றார். உலகச் சாம்பியன்ஷிப் இரட்டையரில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. மறு ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரிவு ஆட்டங்கள் மூன்றில் இரண்டை வென்றும், புள்ளி வேறுபாட்டில் நூலிழையில் காலிறுதியைத் தவறவிட்டனர். ஜுவாலாவுக்குப் பின் சிக்கி ரெட்டியுடன் ஆடி 2018 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் பெற்றார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவ்விணை தகுதி பெறவில்லை. அதன்பின், தம்மைவிட ஏறத்தாழ பதினான்கு வயது இளையவரான தனிஷா கிராஸ்டோவுடன் மூன்றாம் முறையாகத் தொடங்கி, 34-ஆம் வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் களமிறங்கினார். அங்கே மூன்று ஆட்டங்களிலும் தோல்வியே கிட்டியது. அதுவே தம் இறுதி ஒலிம்பிக் என்று அறிவித்தார்.

பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்க்கு இந்த வரலாற்றின் அருமை புலப்படாது. ஒரே வீராங்கனை ஒவ்வொரு முறையும் தரவரிசையின் அடியிலிருந்து ஏறியிருக்கிறார். ஏறுகின்ற அந்த மாதங்களில்தான் பயணச் செலவு மிகுதி, வரவோ குறைவு. தரவரிசையை மட்டும் நோக்கி வழங்கப்படும் உதவி, மிகவும் தேவைப்படும் அந்தக் காலத்திலேயே மெலிந்துவிடும்.

பரிசுத் தொகையிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 2023 இந்தோனேசிய ஓப்பன் போட்டியின் மொத்தப் பரிசு 12,50,000 டாலர். ஒற்றையர் சாம்பியனுக்கு 87,500 டாலர் கிடைத்தது. இரட்டையர் பட்டம் வென்ற சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி, சிராக் ஷெட்டி இணைக்குக் கிடைத்தது 92,500 டாலர், தலைக்கு 46,250. விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் இருவருக்கும் தனித்தனியே ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இணை நிலைத்திருந்தால் எத்தகைய உயரத்தை எட்டலாம் என்பதற்கும் இவ்விருவரே எடுத்துக்காட்டு. ஆந்திரத்தின் அமலாபுரத்தைச் சேர்ந்தவர் சாத்விக். மும்பையைச் சேர்ந்தவர் சிராக். 2016-இல் மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர் இவர்களை இணைத்தார். 2019-இல் தாய்லாந்து ஓப்பன் பட்டம், 2022-இல் தாமஸ் கோப்பையை வென்ற அணியில் பங்கு, 2023-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம், அதே மாதத்தில் உலகின் முதலிடம் என ஏழாண்டுப் பொறுமை பலன் தந்தது. ஆயினும் 2024 ஏப்ரலில் சாத்விக்கின் தோளில் ஏற்பட்ட காயத்தால், முந்தைய ஆண்டு வென்ற ஆசியச் சாம்பியன் பட்டத்தைக் காக்கும் வாய்ப்பை இருவருமே இழந்தனர். ஒருவரின் காயம் மற்றவரின் வருவாயையும் நிறுத்திவிடுகிறது.

‘பதக்கம் வெல்லக்கூடியவர்க்கே பொதுப்பணம் செல்ல வேண்டும், தரவரிசையைவிட நேர்மையான அளவுகோல் வேறு ஏது?’ என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். எனினும் தரவரிசை கடந்த ஓராண்டை மட்டுமே காட்டும். இரு வேறு இணைகளோடு பதக்கம் வென்ற ஒருவர் மூன்றாம் இணையோடு தொடங்கும்போது, அவருடைய திறனைத் தரவரிசை காட்டாது. கடன் கேட்டு வருபவரின் நேற்றைய இருப்பை மட்டும் பார்க்காமல், பல்லாண்டு நாணயத்தையும் பார்க்கின்ற வங்கியாளரின் விவேகம் இங்கேயும் வேண்டும்.

செய்யத்தக்கவை மூன்று. இணை மாறிய பின் ஓராண்டுக்கேனும் இரட்டையர் வீரரின் தனிப்பட்ட சாதனையைக் கருதி நிதியுதவி தொடர வேண்டும். விளையாட்டு வீரர்க்கு வேலை வழங்கும் பொதுத்துறை நிறுவனங்கள், யாருடன் ஆடிப் பெற்ற பதக்கமாயினும் அதனை அவரவர் கணக்கில் முழுமையாக ஏற்க வேண்டும். இளையோர் பயிற்சியிலேயே இரட்டையர்க்குத் தனிப் பயிற்சியாளர் அமைய வேண்டும். ஒற்றையரில் 5.18 மீட்டராக இருக்கும் களத்தின் அகலம் இரட்டையரில் 6.1 மீட்டராகிறது, சர்வீஸ் விழவேண்டிய எல்லையோ நீளத்தில் சுருங்குகிறது. வேகமும் நிற்கும் முறையும் வேறு. இதனைத் தனிக் கலையாகக் கற்பிக்காமல், ஒற்றையரில் தேறாதவர் ஒதுங்கும் இடமாகக் கருதியதே நம் நெடுநாள் குறை. ஜுவாலா கட்டா பல ஆண்டுகள் பொதுவெளியில் எடுத்துரைத்ததும் இதனையே.

இறகுப்பந்துப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இவ்விதழின் வாசகர்களிடையே பலர் இருப்பர். தம் பிள்ளை இரட்டையரில் சிறந்து விளங்கினால் அதனைக் குறைவாக எண்ண வேண்டா. அதே வேளையில், முப்பதுகளின் நடுவில் முடியக்கூடிய தொழில் இது என்பதையும், வரவில்லாத மாதங்கள் இடையிடையே வரும் என்பதையும் உணர்ந்து, முதல் பரிசுத் தொகையிலிருந்தே ஒரு பகுதியைப் பிள்ளையின் தனிப்பெயரில் சேமித்து வரவேண்டும். களத்தில் வெற்றி இருவருக்கும் பொதுவானது. களத்தைவிட்டு வெளியே வந்தபின் வாழவேண்டிய நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உள்ளன.