கர்னல் இருக்கிறார், சுபேதார் மேஜர் எங்கே?

டிசம்பர் 7 கொடிநாள். 1949-இல் தொடங்கிய வழக்கம். பள்ளிக்கூடத்தில் சட்டைப்பையில் சின்னக் கொடியைக் குத்திவிட்டு உண்டியலை நீட்டுவார்களே, அந்த நாள். அந்தப் பணம் எங்கே போகிறது, யார் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று மணிமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். கணவர் ராணுவத்திலிருந்து பென்ஷனில் வந்து, இப்போது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை கேட்டில் காவல் வேலை பார்க்கிறாராம். கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வியும் இருந்தது: “முன்னாள் படைவீரர் நலனுக்கென்று இருக்கிற சங்கம், அறக்கட்டளை எதன் லெட்டர்பேடை எடுத்தாலும் கர்னல், பிரிகேடியர், விங் கமாண்டர் என்றே பெயர் வருகிறது. ஒரு நாயக், ஒரு ஹவில்தார் பெயரைக் காணோமே, ஏன்?”

முதல் கேள்விக்குப் பதில் சுலபம், கீழே சொல்கிறேன். இரண்டாவது கேள்விதான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

மணிமங்கலத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை முதலாம் நரசிம்மவர்மன் புறங்காட்டி ஓடவைத்த களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இந்த ஊரின் பெயரைத்தான் சொல்கிறது. ஊரிலுள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் வரிவரியாகப் போர்ச் செய்தி சொல்கின்றன: இரண்டாம் ராஜேந்திரனின் கொப்பம் போர், வீரராஜேந்திரனின் கூடல்சங்கமப் போர். மன்னனின் பட்டப்பெயர்கள் அத்தனையும் இருக்கும். விழுந்த பகைத் தளபதிகளின் பெயர்கள்கூட இருக்கும். நம் பக்கம் வேல் பிடித்துப் போன சிப்பாயின் பெயரைத் தேடினால் கிடைக்காது. லெட்டர்பேடு வழக்கம் நமக்கு ஆயிரம் வருடப் பழக்கம் போலிருக்கிறது!

ஆனால் அதே பல்லவர் காலத்தில் வேறொரு முன்மாதிரியும் உண்டு. வாதாபியை வென்ற தளபதி பரஞ்சோதியைக் கல்கியின் நாவல் வழியாகத் தெரிந்துகொண்டவர்கள் அதிகம். பெரியபுராணம் சொல்வது போருக்குப் பிறகான கதை. இவர் சிவனடியார் என்பது தெரிந்ததும் மன்னன் பொருள் கொடுத்துப் படைப்பணியிலிருந்து விடுவிக்கிறான். பரஞ்சோதி சொந்த ஊரான திருச்செங்காட்டங்குடிக்குத் திரும்பி, தினமும் அடியார்களுக்குச் சோறு போடுகிறார். சேனாதிபதி என்ற பெயர் போய்ச் சிறுத்தொண்டர் என்ற பெயர் நிலைக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு படைத்தலைவர் பதவியின் மிடுக்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சேவைக்கு வந்த கதைகளில் இதைவிடப் பழையது நம்மிடம் இருக்குமா என்று தெரியவில்லை.

அந்த வழியில் வந்தவர்கள் நம் காலத்திலும் உண்டு. விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங் முதுமையில் டெல்லிக்கு அருகிலிருந்த தன் பண்ணை நிலத்தை விற்று, 2 கோடி ரூபாயில் ஓய்வுபெற்ற விமானப்படையினருக்காக ஓர் அறக்கட்டளை வைத்தார். ஐந்து நட்சத்திரப் பதவிக்காரர் நிலத்தை விற்றுத் தந்த பணம், கார்ப்பரல் குடும்பத்துக்கும் போகும்படி. லெப்டினன்ட் ஜெனரல் விஜய் ஓபராய் 1965 போரில் ஒரு காலை இழந்தவர். அதன் பிறகும் படையில் தொடர்ந்து, ராணுவத் துணைத் தலைமைத் தளபதி வரை உயர்ந்தார். ஓய்வுக்குப் பின், போரில் ஊனமடைந்த வீரர்களுக்காக ‘வார் வூண்டட் ஃபவுண்டேஷன்’ அமைப்பை உருவாக்கி முன்னின்று நடத்தினார். மேஜர் ஜெனரல் இயான் கார்டோசோ 1971-இல் கண்ணிவெடியில் சிதைந்த காலைத் தன் குக்ரிக் கத்தியாலேயே வெட்டி எறிந்தவர். செயற்கைக் காலோடு பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் தலைமை தாங்கினார். பிற்காலத்தில் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, படைக்கு வெளியே உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை செய்தார்.

இவர்களை வாரியத்தில் உட்கார வைத்தது பதவி மட்டுமா? ஓபராயும் கார்டோசோவும் போரில் காலை இழந்தவர்கள். என்ன தேவை என்று அவர்களுக்கு யாரும் அறிக்கை எழுதித் தர வேண்டியதில்லை.

எல்லா அதிகாரிகளும் அப்படி அமைவதில்லை. ஒரு சிப்பாய் நாற்பது வயதை எட்டும் முன்பே சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறார். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளியில். வீட்டுக்கடன் பாதியில். கர்னல் ஓய்வு பெறும்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். பெரும்பாலும் பிள்ளைகள் கரையேறியிருப்பார்கள். இரண்டு பேருடைய ஓய்வும் ஒரே ஓய்வாக முடியாது. ஆலை வாசலில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வர நேரமில்லை. நேரம் இருப்பவர் வாரியத்தில் உட்காருகிறார். வாசகியின் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இது.

மீதிப் பாதி பழக்கம். இருபது, முப்பது வருடம் ‘சாப்’ என்று அழைத்த நாக்கு, கூட்டத்தில் அதே மனிதரைப் பார்த்து “இந்தச் செலவு எதற்கு?” என்று கேட்கத் தயங்கும். கர்னல் நல்லவராகவே இருப்பார், கேட்டால் கோபப்படவும் மாட்டார். இருந்தாலும் கேள்வி எழாது. கேள்வி எழாத வாரியம் பொன்னாடை போர்த்துவதிலும் புகைப்படம் எடுப்பதிலும் போய் முடிவதை நம் ஊர்ச் சங்கங்கள் எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறோம். இதில் ராணுவத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான மருந்து ராணுவத்துக்குள்ளேயே இருக்கிறது. பட்டாலியனில் கமாண்டிங் ஆபீசருக்குப் பக்கத்தில் சுபேதார் மேஜர் என்று ஒருவர் உண்டு. சிப்பாயாகச் சேர்ந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். எந்த ஜவான் வீட்டில் நிலத் தகராறு, யாருக்கு லீவு அவசரம், லங்கரில் சாப்பாடு எப்படி என்பதெல்லாம் அவர் வாய்வழியாகத்தான் கர்னலுக்குப் போகும். புத்திசாலியான கர்னல் அவரைக் கேட்காமல் ஆட்களைப் பற்றி முடிவெடுக்க மாட்டார். அப்படிப் பழகிய அதிகாரிகள் ஓய்வுபெற்று அறக்கட்டளை தொடங்கும்போது அந்த ஆளை மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறார்கள்.

பிரிட்டனில் 1921-இல் இதே சிக்கல் வந்தது. முதல் உலகப்போர் முடிந்து வந்தவர்களுக்கு நான்கு தனித்தனி அமைப்புகள். அதில் ஒன்று அதிகாரிகளுக்கு மட்டும். நான்கையும் ஒன்றாக்கி ‘பிரிட்டிஷ் லீஜன்’ உருவானபோது, கௌரவத் தலைமை, அந்தப் போரில் பிரிட்டிஷ் படையை நடத்திய ஃபீல்டு மார்ஷல் ஹேக்குக்குப் போனது. ஆனால் நிர்வாகத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர், பீரங்கிப் படையில் கடைநிலையில் பணியாற்றிய டி. எஃப். லிஸ்டர். ஹேக்கின் போர் முறையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதிகாரிகளும் சிப்பாய்களும் ஒரே அமைப்பில்தான் இருக்க வேண்டும் என்று அவர் நின்ற நிலையில் மட்டும் எனக்குக் குறையே தெரியவில்லை.

இப்போது முதல் கேள்வி. கொடிநாள் நிதியை மத்திய அளவில் நிர்வகிப்பது கேந்திரிய சைனிக் போர்டு. மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் முப்படை வீரர் வாரியம் உண்டு. அதன் துணைத் தலைவராக ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருப்பது வழக்கம். அன்றாட வேலை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில். மணிமங்கலத்துக்காரர்கள் போக வேண்டியது காஞ்சிபுரம் மாவட்ட அலுவலகத்துக்கு. தாம்பரம் பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே போக வேண்டாம். 2019-க்குப் பிறகு தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம்.

உதவித் தொகைகளில் பெரிய மாற்றம் வந்திருப்பதைப் பலர் கவனிக்கவில்லை. ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த முன்னாள் வீரருக்கும் வீரரின் விதவைக்கும் மாதம் 4,000 ரூபாயாக இருந்த வறுமை உதவி 8,000 ஆகியிருக்கிறது. ஹவில்தார் நிலை வரையிலானவர்களின் இரண்டு பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தலைக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000. மகள் திருமணத்துக்கும் விதவை மறுமணத்துக்கும் 50,000 ரூபாய் என்பது ஒரு லட்சம். 2025 நவம்பர் 1 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு இந்தப் புதிய தொகை. பதினைந்து வருடம் முடியும் முன்பே வெளியே வந்ததால் பென்ஷன் கிடைக்காத பெரியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், இந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

பணம் இருந்தும் கைக்கு வராமல் போவது காகிதத்தால்தான். நம் ஊர்க்காரருக்குப் பெயருக்கு முன்னால் இன்ஷியல். ராணுவ ரெக்கார்ட் ஆபீசில் அப்பா பெயரே முதல் பெயராக ஏறியிருக்கும். ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், டிஸ்சார்ஜ் புக்கில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் மற்றொன்று. கல்யாணம் ஆனதும் அதைப் பதிவில் ஏற்றும் ‘பார்ட் டூ ஆர்டரை’ யூனிட்டில் போடாமல் விட்டவர்கள் உண்டு. அவர் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது, போன பிறகு மனைவி அலைய வேண்டும். பென்ஷன் இப்போது ‘ஸ்பர்ஷ்’ இணையத் தளத்துக்குள் போய்விட்டது. ஆண்டுக்கொரு முறை உயிர்ச் சான்று கொடுக்கவில்லையென்றால் பணம் நிற்கும். எழுபது வயது அம்மா பாஸ்வேர்டை மறந்தால் யாரிடம் போவார்?

இங்கேதான் அதிகாரியின் பலம் தெரிகிறது. ரெக்கார்ட் ஆபீசுக்கு அரைப் பக்கத்தில் சரியான கடிதம் எழுத அவருக்குத் தெரியும். எந்த விதியைச் சுட்டினால் கோப்பு நகரும் என்று தெரியும். கலெக்டர் அலுவலகத்தில் அவரைக் காக்க வைக்க மாட்டார்கள். ஆனால் எந்த வீட்டு அம்மாவுக்குக் கடிதம் தேவை என்பது அதே தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நாயக்குக்குத்தான் தெரியும். ஒரு வாரியத்தில் இரண்டு பேரும் வேண்டும். ஒரு விதவையும் வேண்டும். கௌரவத்துக்காகச் சொல்லவில்லை, வேலை நடப்பதற்காகச் சொல்கிறேன்.

நம் பகுதிக்கு இன்னொரு வசதி இருக்கிறது. லாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சிஎஸ்ஆர்) செலவழிக்க வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். எந்தெந்தப் பணிகளுக்கு என்ற பட்டியலில் முன்னாள் படைவீரர், போர் விதவையர் நலன் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், வல்லம் வரை இத்தனை ஆலைகள். கேட்டில் சல்யூட் அடிப்பவர்களில் எத்தனையோ பேர் முன்னாள் வீரர்கள், தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாக வந்தவர்களும் உண்டு. சிஎஸ்ஆர் நிதியில் பள்ளிக்கு வர்ணம் அடிக்கிற ஆலை, தன் வாசலில் நிற்பவரின் சங்கத்தைக் கேட்டுப் பார்த்திருக்கிறதா? பதிவும் தணிக்கையும் 80ஜி சான்றும் சரியாக வைத்திருக்கும் சங்கத்துக்கு இந்தக் கதவு திறக்கும். அந்தக் கதவைத் தட்டுவதற்கு ஓய்வுபெற்ற கர்னலைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அவசரமும் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு மட்டும் படையில் சேர்க்கப்படும் அக்னிவீரர்களின் முதல் அணிகள் பயிற்சியில் சேர்ந்தது 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும். அந்தக் கணக்கு முடியும்போது நான்கில் ஒருவர் வரை படையில் தொடர்வார். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு, பென்ஷன் இல்லாமல் வீடு திரும்புவார்கள். இருபத்தைந்து வயதுகூட ஆகாத பிள்ளைகள் பலர். ஒரகடம் கேட்டுக்குத்தான் அவர்களும் வருவார்களா, அல்லது உள்ளே மெஷினுக்கு முன்னால் நிற்கும் திறமையோடு வருவார்களா? நம் சங்கங்களின் துணை விதிகளில் உறுப்பினர் தகுதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று இப்போதே பார்த்து, அவர்களுக்கும் இடம் வைப்பது நல்லது.

மாநில அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சொந்தத் தொழில் தொடங்கும் முன்னாள் வீரருக்கு ஒரு கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டிச் சலுகை. லேத் பட்டறையோ உதிரிபாக யூனிட்டோ வைக்க நினைப்பவருக்கு நம் பகுதியைவிட வேறெங்கே சந்தை?

வாசகர்களிடம் மூன்று வேண்டுகோள். கொடிநாளுக்குத் தரும் பணம் சிறியதானாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். நீங்கள் உறுப்பினராக உள்ள முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவுக்குப் போய்க் கணக்கைக் கேளுங்கள். சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அது உங்கள் உரிமை, எதிரே இருப்பவர் பிரிகேடியரானாலும். இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகளே, அடுத்த தேர்தலில் ஒரு சுபேதார் மேஜரின் பெயரையும் ஒரு வீரரின் விதவையின் பெயரையும் நீங்களே முன்மொழியுங்கள். நிர்வாகக் குழு பட்டியலை எங்களுக்கு அனுப்பி வையுங்கள். இந்த இதழில் வெளியிடுகிறோம், பதவி வரிசைப்படி அல்லாமல் அகர வரிசைப்படி.

அன்புடன்,
ஆசிரியர்