திருகாதீங்கண்ணே, திருகாதீங்க!

சென்னையில் எந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போய் "சிக்னல்ல வண்டி ஆஃப் ஆயிடுதுண்ணே" என்று சொன்னாலும் கிடைக்கிற வைத்தியம் ஒன்றுதான். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கமாக இருக்கட்டும், தி.நகர் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தாக இருக்கட்டும், அடையாறு காந்தி நகராக இருக்கட்டும். அண்ணன் குனிவார். ஒரு கை ஆக்சிலேட்டரில். இன்னொரு கை ஸ்க்ரூ டிரைவரோடு கார்புரேட்டர் பக்கம் போகும். அரைச் சுற்று. ட்ர்ர்ர்ர்ர்... "இப்போ பாருங்க சார்." ஐம்பது ரூபாய். சுபம்.

இந்த அரைச் சுற்றைப் போல ஒரு போலி வைத்தியம் ஊரில் வேறு கிடையாது. காய்ச்சலோடு வந்தவனுக்கு தெர்மாமீட்டரை உடைத்துப் போட்டுவிட்டு "இப்போ ஜுரம் இல்ல பாருங்க" என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படி என்ன தப்பு, வண்டிதான் ஓடுகிறதே என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். கார்புரேட்டரில் சாதாரணமாக இரண்டு ஸ்க்ரூ உண்டு. ஒன்று ஐடில் ஸ்க்ரூ. அது செய்கிற வேலை ஒன்றே ஒன்று: ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் த்ராட்டில் முழுசாக மூடாமல் கொஞ்சம் திறந்தே இருக்கும்படி முட்டுக் கொடுப்பது. பெட்ரோலுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. இன்னொன்று பைலட் ஸ்க்ரூ. வண்டி சும்மா நிற்கும்போது எவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு காற்று என்ற கலவையைத் தீர்மானிப்பது இதுதான். நின்று ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் வருவது பைலட் ஜெட் என்கிற பித்தளைத் துண்டு வழியாக. அதன் நடுவில் இருக்கிற ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

அந்த ஓட்டையில் தூசி அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். நின்று ஓடப் பெட்ரோல் போதவில்லை, வண்டி ஆஃப் ஆகிறது. இப்போது ஐடில் ஸ்க்ரூவைத் திருகினால் த்ராட்டில் கொஞ்சம் மேலே ஏறும். பைலட் ஜெட்டின் வேலையை அதற்கு அடுத்த துவாரம் எடுத்துக்கொள்ளும். வண்டி நிற்காமல் ஓடும். அடைப்பு? அது அங்கேயேதான் இருக்கிறது, சௌக்கியமாக. இதற்கு மேல் பைலட் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் இன்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. விஷயம் தெரிந்த மெக்கானிக்குக் கிடைக்கிற முதல் துப்பே அதுதான். முதல் அரைச் சுற்று அந்தத் துப்பையே அழித்துவிடுகிறது!

அடுத்த மாதம் அடைப்பு இன்னும் கூடும். இன்னொரு அரைச் சுற்று. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. கடைசியில் 1,400-ஐ ஒட்டி இருக்க வேண்டிய சுற்று இரண்டாயிரத்தைத் தாண்டிப் போயிருக்கும். கியர் வண்டி என்றால் பெட்ரோல் செலவோடும் சத்தத்தோடும் போச்சு. கியர் இல்லாத ஸ்கூட்டர் என்றால் கதை வேறு. அதன் கிளட்ச் தானாகப் பிடிக்கிற வகை. இன்ஜின் சுற்று ஒரு அளவைத் தாண்டினால் யாரையும் கேட்காமல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பனகல் பார்க் சிக்னலில் பிரேக்கிலிருந்து விரல் எடுத்ததும் வண்டி தானாக நகர்கிறது. முன்னால் தாம்பூலப் பையோடு ஒரு பாட்டி சாலையைக் கடந்துகொண்டிருப்பார். ஐம்பது ரூபாய் வைத்தியம் எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

சரி, உண்மையான நோய்தான் என்ன? அங்கேதான் சுவாரசியம். "கார்புரேட்டர் பிராப்ளம்" என்று ஷெட்டுக்கு வருகிற வண்டிகளில் கார்புரேட்டரே குற்றவாளியாக இல்லாத கேஸ்களும் உண்டு. ஸ்பார்க் பிளக் கரி பிடித்திருந்தாலும் வண்டி நின்றுபோகும். டாப்பெட் இடைவெளி குறைந்து வால்வு முழுசாக மூடாவிட்டாலும் நின்றுபோகும். ஏர் ஃபில்டரைக் கழுவாமல் தட்டித் தட்டியே ஓட்டினாலும் நின்றுபோகும். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கிற ரப்பர் மேனிஃபோல்டு சென்னை வெயிலில் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் காற்றை உறிஞ்சினால் இன்னும் வேடிக்கை: ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் உடனே இறங்காது, தொங்கும், சில சமயம் தானாக ஏறும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். இதை ஸ்க்ரூ டிரைவரால் சரிசெய்ய முடியும் என்று நம்புகிறவர், ஓட்டை பக்கெட்டில் தண்ணீர் நிற்கவில்லை என்று குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுகிறவர்.

வண்டி தன் நோயைத் தானே சொல்லும். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் பெட்ரோல் பற்றவில்லை அல்லது காற்று கூடுதல். கறுப்புப் புகையும் கரிப் பிளக்கும் என்றால் பெட்ரோல் அதிகம். நிறுத்திவைத்த வண்டிக்குக் கீழே பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் ஊசி சரியாக உட்காரவில்லை. ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட் பட் என்று வெடித்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, இல்லையென்றால் சைலன்சர் ஜாயின்ட்டில் காற்று நுழைகிறது. காலையில் நன்றாக ஓடி, இன்ஜின் சூடான பிறகு மட்டும் நின்றால் டாப்பெட்டைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. இருபது வருஷம் ஷெட் வைத்திருக்கிற எந்த அண்ணனுக்கும் இதைவிட அதிகமாகவே தெரியும்.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை? அவர் சோம்பேறி என்பதோ ஏமாற்றுக்காரர் என்பதோ பதில் இல்லை. அவரிடம் வண்டியை விடுகிற மகாஜனங்கள்தான் பதில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, ஃப்ளோட் பவுலைத் திறந்து, ஜெட்டுகளை எடுத்துச் சுத்தம் செய்து, காற்றடித்து, திரும்ப மாட்டி, இன்ஜினைச் சூடாக்கி (இதை முக்கியமாகக் கவனிக்கவும், ஜில்லென்ற இன்ஜினில் ஐடில் வைத்தால் பத்தாவது நிமிஷமே அது தப்பாகிவிடும்) பிறகு இரண்டு ஸ்க்ரூவையும் செட் பண்ண வேண்டும். கூடவே பிளக், டாப்பெட், ரப்பர் எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு 300 ரூபாய் லேபர் என்று சொல்லிப் பாருங்கள். "என்னண்ணே, ஒரு பார்ட்டுகூட மாத்தல, 300 ரூபாயா?" என்று சண்டைக்கு வருவார்கள். அதே ஆள், பாலிதீன் கவரில் புதுப் பொருளைக் காட்டி "இது போச்சு சார், மாத்திட்டேன்" என்றால் ஆயிரமானாலும் முணுமுணுக்காமல் எடுத்துக் கொடுப்பார். ஒரு பொருள் கைமாறினால்தான் காசு. ஒருவர் யோசித்ததற்குக் காசு கிடையாது. டாக்டருக்கு ஊசி போட்டால்தான் ஃபீஸ் என்று நினைத்த தாத்தா காலத்துப் புத்தி இன்னும் போகவில்லை.

ஆக, மெக்கானிக்குக் கிடைப்பவை இரண்டே வழி. ஒன்று அரைச் சுற்று. இன்னொன்று "கார்புரேட்டரே போச்சு, புதுசு போடணும்." இரண்டாவது வழியில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போய், ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று யாருக்கும் தெரியாத ஒரு பெட்டி வரும். உள்ளே இருந்த பழைய கார்புரேட்டருக்கு ஒரு நோயும் இருந்திருக்காது. சென்னைக்கு இதில் தனி வெட்கம் உண்டு: 1985-ல் ஜப்பானின் மிக்குனி கூட்டுறவோடு தொடங்கிய யூக்கால் நிறுவனம் கார்புரேட்டர் செய்தது இதோ இருக்கிற மறைமலை நகரில்தான். செய்யத் தெரிந்த ஊருக்குச் சுத்தம் செய்யப் பொறுமை இல்லை.

செலவைப் பற்றியே பேசுவோம். ஒரு உதாரணத்துக்கு, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி கலவை கெட்டு 40 கொடுக்கிறது. மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டினால் 12 லிட்டருக்குப் பதில் 15 லிட்டர். பெட்ரோல் ரவுண்டாக 100 ரூபாய் என்றால் மாதம் 300, வருஷம் 3,600. ஒரே ஒரு தடவை கொடுக்க மறுத்த லேபர் சார்ஜ் மாதாமாதம் பங்க்கில் போய்ச் சேருகிறது. அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை :-)

இன்னொரு கூட்டம் உண்டு: "மைலேஜ் செட்டிங் போட்டுக் குடுங்கண்ணே" கூட்டம். பைலட் ஸ்க்ரூவால் பெட்ரோலைக் குறைத்தால் மைலேஜ் பிய்த்துக்கொண்டு போகும் என்று இவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பைலட்டின் செல்வாக்கு வண்டி நிற்கும்போதும், ஆக்சிலேட்டரை லேசாகத் திறக்கும்போதும்தான். அதற்கு மேல் ஊசியும் மெயின் ஜெட்டும் பொறுப்பு. பைலட்டில் கஞ்சத்தனம் செய்தால் மிச்சமாவது சொட்டு. போவது ஐடிலிங்கும் பிக்கப்பும். மூன்று மாதம் கழித்து "சிக்னல்ல ஆஃப் ஆவுதுண்ணே" என்று திரும்ப வருகிறவர்களில் இவர்களும் உண்டு.

இப்போது வந்திருக்கிற புதுத் தலைவலி, பெட்ரோலே மாறிவிட்டது. 2023 தொடங்கி பங்க்குகளுக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அதே காற்றுக்குக் கொஞ்சம் அதிகப் பெட்ரோல் விட வேண்டும். ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டி இதைத் தானே புரிந்துகொண்டு திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. பத்து வருஷம் முன்னால் பழைய பெட்ரோலுக்கு வைத்த செட்டிங்கிலேயே அது ஓடுகிறது. நேற்றுவரை ஒழுங்காக நின்ற ஐடில் இன்று தள்ளாடினால் ஆச்சரியம் இல்லை. போதாக்குறைக்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்களுக்கும் ஆகாது. இதற்குத் தேவை சூடான இன்ஜினில், பொறுமையாக, பைலட் ஸ்க்ரூவைக் கால் சுற்றுகூட இல்லாத அளவில் நகர்த்திப் பார்ப்பது. நடப்பது என்ன? அதே ஐடில் ஸ்க்ரூ, அதே அரைச் சுற்று.

"2020 ஏப்ரலோடு பி.எஸ். 6 வந்தாச்சு, கார்புரேட்டர் செத்தாச்சு, இப்போ போய் இந்தப் புலம்பல் எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். செத்தது ஷோரூமில். (அங்கேகூட பஜாஜ் பிளாட்டினா மின்னணுக் கட்டுப்பாடு வைத்த கார்புரேட்டரோடு பி.எஸ். 6-க்குள் நுழைந்தது.) 2020 மார்ச்சில் பதிவான வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம், அதாவது 2035 மார்ச் வரை செல்லும். அந்த வண்டிகளை ஓட்டுபவர்கள் யார்? தண்ணி கேன் போடுகிறவர், விடிகாலையில் பால் பாக்கெட் போடுகிறவர், டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கீரைக் கட்டு ஏற்றி மயிலாப்பூருக்கு வருகிறவர், அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரில் காலேஜுக்கு வருகிற பையன். புதுசு வாங்குங்கள் என்று இவர்களுக்கு அறிவுரை சொல்கிறவர் டவுன் பேமென்ட்டும் சேர்த்துக் கட்டினால் நல்லது.

அரசாங்கத்தின் சோதனையாவது காப்பாற்றுமா என்றால், அது தனிக் காமெடி. 2000 மார்ச்சுக்குப் பிறகு வந்த பழைய தலைமுறை ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு, நின்று ஓடும்போது புகையில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி. நல்ல விதி; ஐடில் கலவை சரியாக இருக்கிறதா என்று ஊரில் அளந்து பார்க்கிற ஒரே கருவி அந்த மெஷின்தான். ஒரு நல்ல மெக்கானிக் கையில் அது கிடைத்தால் ஸ்டெதஸ்கோப் மாதிரி. வண்டிக்காரர்களுக்கோ அது போலீஸிடம் காட்டுகிற சீட்டு. சீட்டில் அச்சடித்த எண்ணை எத்தனை பேர் ஒரு தடவையாவது படித்திருக்கிறார்கள்?

அடுத்த தடவை ஷெட்டில் வண்டியை விடுகிறவர்கள் "சட்டுனு முடிச்சுக் குடுங்க" என்பதை விட்டுவிட்டு, "சாயங்காலம் வர்றேன், கழட்டிப் பாருங்கண்ணே, லேபர் எவ்வளவோ குடுத்துடறேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். ஃப்ளோட் பவுலின் அடியில் என்ன படிந்திருந்தது என்று கேட்கலாம். பைலட் ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்த வேண்டாம், காற்றடித்தால் போதும் என்று தயங்காமல் சொல்லலாம்; கம்பி குத்திய ஓட்டை பெரிதானால் அந்த ஜெட் அதோடு சரி. இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிற அண்ணனிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம்.

பி.கு: மேனிஃபோல்டு ரப்பரில் காற்று நுழைகிறதா என்று பார்க்க, ஓடுகிற இன்ஜின் மேல் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கிற வீரர்கள் சிலர் இருக்கிறார்கள். தீப்பிடிக்கும். சோப்புத் தண்ணீரை லேசாக அடித்தாலே போதும். கீறல் இருக்கும் இடத்தில் தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறும்.