நேராக உட்காருபவருக்கு மட்டும்தானா டிவி?

சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்தது 1975ல். மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனங்களில் யாரோ ஒருவர் வீட்டில் சாலிடேரோ டயனோராவோ (இரண்டுமே சென்னைக் கம்பெனிகள்தான்) இருக்கும். வீட்டுக்காரர் நாற்காலியில், குழந்தைகள் தரையில், மிச்சப்பேர் வாசப்படியிலும் ஜன்னல் கம்பியிலும். ஜன்னலில் தொங்கினவருக்கும் அதே படம்தான். ஓரத்தில் கலர் மங்குகிறது என்று யாரும் சொன்னதில்லை. (கலரே கிடையாது என்பது வேறு விஷயம்!) கண்ணாடியின் உள்பக்கம் பூசியிருந்த பாஸ்பர் ஒளியை எல்லாத் திசையிலும் இறைத்தது. அவ்வளவுதான் ரகசியம்.

எல்.சி.டி. வந்ததும் இந்தச் சமத்துவம் போயிற்று. பின்னால் ஒரு விளக்கு, முன்னால் திரவப் படிகம் என்கிற கதவு. நேராக வரும் ஒளியை அடைக்கிற அளவுக்குச் சாய்வாக வரும் ஒளியை அந்தக் கதவு அடைப்பதில்லை. ஓரத்திலிருந்து பார்த்தால் கருப்பு சாம்பலாகிறது, முகங்கள் வெளுக்கின்றன. ஆனால் தி.நகர் ஷோரூமில் விவரப் பட்டியலை வாங்கிப் பாருங்கள், 178 டிகிரி என்று போட்டிருக்கும். பொய் இல்லை. வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம் 10 மடங்காகக் குறையும்வரை 'தெரிகிறது' என்பதுதான் வழக்கமான கணக்கு. நேரே பார்க்கும்போது 1000 மடங்கு இருந்தது 10 ஆனாலும் பாஸ்! 35 மார்க் வாங்கினவனை முதல் வகுப்பு என்று விளம்பரம் செய்கிற மாதிரி.

சரி, இப்போது வரிசையில் நிற்பது மைக்ரோ எல்.இ.டி. இதில் பின்விளக்கும் கிடையாது, கதவும் கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டி விளக்குகள். 4கே திரை என்றால் மொத்தம் 2,48,83,200 விளக்குகள். சாம்சங் 2023ல் இந்தியாவில் இறக்கிய 110 அங்குல டிவியின் விலை 1,14,99,000 ரூபாய். மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

விளக்கே நேரடியாக எரிவதால் பக்கப் பார்வை தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். பாதிதான் உண்மை. நீலமும் பச்சையும் இண்டியம் கேலியம் நைட்ரைடில் செய்யப்படுபவை. சிவப்பு பெரும்பாலும் வேறொரு பாஸ்பைடு கலவை. முன்னவை பக்கச் சுவர் வழியாகவும் ஒளியைக் கசியவிடும். சிவப்போ தன் ஒளியைத் தானே விழுங்கிக்கொள்வதால் பக்கவாட்டில் அவ்வளவாக வராது. விளைவு? நேரே வெள்ளை வேட்டியாக இருப்பது ஓரத்திலிருந்து பார்த்தால் நீலம் அதிகமாகப் போட்ட வேட்டி. விளக்கு சிறுக்கச் சிறுக்கப் பக்கச் சுவரின் பங்கு கூடும், தொல்லையும் கூடும்.

அமெரிக்காவில் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஷின்-ட்சன் வூ குழு 2019ல் இதை அலசியது. விளக்குகளுக்கு நடுவே கருப்புத் தடுப்பு வைத்துப் பக்க ஒளியை விழுங்க வைத்தால் நிறம் ஒத்துப்போகிறது. ஆனால் விழுங்கப்படுவது நாம் கரண்ட் பில் கட்டிய ஒளி. விளக்கின் பக்கச் சுவரையும் சரியான அளவில் சாய்த்து வைத்தால் நிறமும் அவ்வளவாக மாறுவதில்லை, வீணும் குறைகிறது. இன்னொரு வழி, எல்லாவற்றுக்கும் நீல விளக்கையே வைத்து, மேலே குவாண்டம் டாட் பூசிச் சிவப்பையும் பச்சையையும் எடுப்பது.

ஆக வழி தெரியாமல் இல்லை. வாங்குபவர் கேட்பதில்லை, அதனால் விற்பவர் சொல்வதில்லை. ஷோரூமில் 'எத்தனை நிட்ஸ்' என்று பிரகாசத்தைத்தான் விற்கிறார்கள். நம் வீட்டு ஹாலை நினைத்துப் பாருங்கள். சோபாவின் நடுவில் ஒருவர், தரையில் இருவர், அடுக்களை வாசலில் வாணலியை ஒரு கண்ணால் பார்த்தபடி அம்மா. அம்மாவுக்கு எப்போதுமே 60 டிகிரி ஓரம்தான். காசு வீட்டுக் காசு, படம் நடு சீட்டுக்கு! ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஆமோலெட் திரைகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதைப் போன்ற ஒரு இடத்தில் 45, 60 டிகிரியில் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து, ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் ஒட்டுகிற மாதிரி டிவிக்கும் ஒட்டலாம்.

அகலக் கோணம்தான் எப்போதும் நல்லது என்றும் இல்லை. 29சி பஸ்ஸில் நின்றுகொண்டு யுபிஐ பின் போடுகிறவருக்குக் குறுகிய கோணம் வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் எல்.இ.டி. விளம்பரப் பலகைக்கும் அப்படித்தான். தி.நகரில் கீழே நடக்கிறவரிடம் புடவை விற்கத்தான் அந்தப் பலகை. எதிரே மூன்றாம் மாடியில் தூங்கப் பார்க்கும் குழந்தைக்கு எதற்கு அந்த வெளிச்சம்? வெளிப்புறப் பலகைகளில் ஒவ்வொரு விளக்கு வரிசைக்கும் மேலே வெயிலை மறைக்கச் சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதையே கொஞ்சம் நீளமாக்கினால் மேல்நோக்கிப் போகும் ஒளி கணிசமாக அடைபடும். கீழே நிற்பவருக்கு நஷ்டமில்லை. மைக்ரோ எல்.இ.டி.யில் விளக்குக்கு விளக்கு குட்டி லென்ஸே வைக்க முடியும். பலகைக்கு அனுமதி கொடுக்கும்போது நீளம், அகலத்தோடு ஒளி எந்தக் கோணம்வரை போகலாம் என்றும் மாநகராட்சி எழுதி வாங்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் எவ்வளவு பிரகாசம் என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.