விளக்குக்குக் கட்டளையிடுவது யார்?

நாடகம் முடிந்து வெளியே வருபவர்கள் நடிப்பைப் பற்றிப் பேசுவார்கள். பிரதியைப் பற்றிப் பேசுவார்கள். விளக்கு எந்தக் கணத்தில் மங்கத் தொடங்கியது என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இங்கிலாந்தில் நான் வசிக்கும் சிறு நகரின் அமெச்சூர் நாடகக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் லைட் போர்டின் முன் உட்கார்ந்தவன் என்ற முறையில், அந்தக் கணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச விரும்புகிறேன். கருவிகளைப் பற்றிய பேச்சுபோலத் தோன்றலாம். ஆனால் மேடையில் ஒரு மௌனம் எவ்வளவு நேரம் நீடிக்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார் என்பதே இதிலுள்ள கேள்வி.

ஆங்கில நாடக மேடையில் நெடுநாளைய வழக்கம் இது. ஸ்டேஜ் மேனேஜர் பிரதியை விரித்து வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி இருப்பார். ஒளி மாற வேண்டிய இடம், ஒலி எழ வேண்டிய இடம் ஒவ்வொன்றும் ஒரு 'க்யூ'. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த இடம் நெருங்கும்போது ஹெட்செட்டில் 'ஸ்டாண்ட்பை' என்பார். உரிய கணத்தில் 'கோ' என்பார். ஒளிக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர் என இரண்டு விரல்கள் இரண்டு பொத்தான்களை அழுத்தும்.

இந்த இரண்டு விரல்களையும் ஒன்றாக்கியது மிடி. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983-இல் வந்த மொழி அது. 1991-இல் 'மிடி ஷோ கன்ட்ரோல்' என்ற பெயரில் மேடைக்கென்று ஒரு கிளை ஏற்கப்பட்டது. இன்று க்யூலாப் போன்ற மென்பொருளில் இடியோசைக்குப் பக்கத்தில் ஒரு மிடி க்யூவையும் சேர்த்துவிட்டால் போதும். ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டினால் ஓசை எழும். 'பதினான்காம் க்யூவுக்குப் போ' என்ற செய்தியும் கேபிள் வழியே லைட் போர்டுக்குப் போகும். அந்தச் செய்தி மொத்தம் ஒன்பது பைட். மிடி கேபிளின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஆகவே செய்தி போய்ச் சேர மூன்று மில்லிநொடிகூட ஆவதில்லை. எந்த மனித விரலும் இதனுடன் போட்டியிட முடியாது.

போட்டியிட வேண்டிய அவசியமும் இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று நொடி விட்டால், புயல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒரு நொடியாகக் குறைத்தால் தெருமுனைக்கு வந்துவிடுகிறது. இந்தக் கணக்கை ஒவ்வோர் இரவும் பிசகாமல் நிகழ்த்த இருவரின் கைவேகத்தை நம்புவதைவிட மென்பொருளை நம்புவதே விவேகம். துப்பாக்கிச் சத்தமும் ஜன்னலுக்கு வெளியே தெறிக்கும் வெளிச்சமும் அப்படியே. பழைய முறையே உயர்ந்தது என்று பெருமூச்சு விடுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

சங்கடம் அடுத்த படியில் தொடங்குகிறது. எங்கள் நாடகம் ஒன்றின் இறுதிக் காட்சியில், ஒரு பெண் தன் மகன் விட்டுச்சென்ற தொலைபேசிச் செய்தியைக் கேட்கிறாள். செய்தி முடிகிறது. அவள் ஒரே ஒரு சிறிய வாக்கியம் சொல்கிறாள். பன்னிரண்டு நொடியில் மேடை இருளுகிறது. ஒத்திகையில் செய்தி முடிந்து நான்கு நொடி கழித்து அவர் பேசுவது வழக்கம். ஆட்கள் குறைவு என்பதால் ஒலியும் ஒளியும் என் ஒருவனிடமே இருந்தன. ஒலிப்பதிவு முடிந்து, நான்கு நொடி காத்து, அவர் பேசி முடிக்கும் அவகாசத்தையும் சேர்த்து, மிடி செய்தி தானாகப் போகும்படி அமைத்தேன். இரண்டு இரவுகள் குறையொன்றும் இல்லை.

மூன்றாம் இரவு அவர் பேசவில்லை. கையில் தொலைபேசியுடன் அப்படியே நின்றார். அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. என் திரையில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. எனக்கு விளங்கியபோது செய்தி போய்விட்டிருந்தது. மென்பொருளை நிறுத்தினேன், பயனில்லை. கட்டளை ஒருமுறை சேர்ந்துவிட்டால், மங்கச் செய்யும் வேலை லைட் போர்டின் கையில். அந்தப் பெண் தன் வாக்கியத்தை இருட்டில் சொன்னார். பார்வையாளர்கள் அதை இயக்குநரின் உத்தி என்று எண்ணிக் கைதட்டினார்கள்.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் மிகச் சரியாக நான்காம் நொடியில் பேசினார். என்னை உறுத்தியது இதுதான். இயந்திரம் பிழை செய்யும் என்பது என் புகார் அன்று. அது பிழையே செய்யவில்லை; சொன்னதைச் செய்தது. நடிகைதான் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டார்.

மிடி கேபிளில் செய்தி ஒரு திசையில்தான் போகிறது. அனுப்பிய கணினிக்கு விளக்கு மங்கியதா என்பதே தெரியாது. மேடையில் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படித் தெரியும்? ஆபத்தான கருவிகள் உள்ள இடத்தில் வழக்கமான பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு இது மாற்றாகாது என்று ஷோ கன்ட்ரோல் நெறியை வகுத்தவர்களே அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். மேடைத் தளம் திறந்து மூடுவதற்கு மனிதக் கண் வேண்டுமென்றால், ஒரு மௌனம் முடிவதற்கும் அது வேண்டும் என்கிறேன்.

இதற்கு எதிராகச் சாமுவேல் பெக்கெட்டின் 'ப்ளே' நாடகத்தைச் சிலர் காட்டக்கூடும். 1963-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் முதலில் மேடையேறிய அதில், தாழிகளுக்குள் கழுத்துவரை புதைந்த மூன்று பேர் இருக்கிறார்கள். விளக்கு யார் முகத்தில் விழுகிறதோ அவர் பேச வேண்டும்; விலகினால் பாதி வாக்கியத்திலும் நிறுத்த வேண்டும். கணினிக்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் உண்டா? எனக்குத் தோன்றுவது நேர்மாறு. மூன்று தனி விளக்குகளை மாற்றி மாற்றி எரிப்பதைவிட, முகத்துக்கு முகம் திரும்பும் ஒரே விளக்கையே பெக்கெட் விரும்பினார். விசாரிப்பவர் ஒருவரே என்று தெரிய வேண்டுமென்பது அதன் காரணம். விசாரிப்பவர் பதிலைக் கேட்கவும் வேண்டும் அல்லவா? கேட்டுப் பொறுமையிழந்து திரும்பும் விளக்கு கொடூரமானது. கேட்காமல் குறித்த நொடியில் திரும்பும் விளக்கு வெறும் கடிகாரம்.

ஆகவே நான் கடைப்பிடிக்க விரும்பும் விதி எளிமையானது. ஒவ்வொரு க்யூவையும் எழுதும்போது, இது எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவு செய்த ஓசைக்காக என்றால், மிடியால் தயங்காமல் கட்டிவிடலாம். மனிதருக்காக என்றால், சங்கிலியை அங்கே அறுத்துவிட வேண்டும். கதவருகே நடிகர் சுவிட்சைத் தட்டும்போது எரிய வேண்டிய விளக்கு அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் விரலில்தான் இருக்க வேண்டும். அந்த ஒருவரே ஒலியையும் பார்த்துக்கொள்ளட்டும், குற்றமில்லை. அவர் கண் திரையில் இல்லாமல் மேடையில் இருந்தால் போதும்.

கடைசிக் காட்சிக்கு முன் நான் அந்தச் சங்கிலியை நீக்கிவிட்டு நடிகையிடம் போய்ச் சொன்னேன்: "இனி நீங்கள் பேசி முடித்த பிறகே விளக்கு மங்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்." சிரித்து நன்றி சொன்னார். அன்றிரவு பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அன்றும் அவர் நான்காம் நொடியிலேயே பேசினார்.